வழிகாட்டி வேண்டாம், தாள் வேண்டும்

சத்தியமங்கலம் வட்டாரத்திலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலா போகும் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கும் டிராவல்ஸ் நிறுவனங்கள், ஒன்றிய நிதி அமைச்சகம், தமிழ்நாடு சுற்றுலாத் துறை.

மஞ்சளும் மல்லிகையும் விளைவிப்பவர்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடைவீதியில் கடை வைத்திருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது. மஞ்சள் விற்ற காசு கைக்கு வரும் சமயத்தில்தான் பிள்ளைகளுக்கும் முழுப் பரீட்சை லீவு வருகிறது. முன்பெல்லாம் அந்த லீவுக்கு ஊட்டி, மிஞ்சினால் திம்பம் ஏறி மைசூர். இப்போது பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய். எங்கள் பூ விமானம் ஏறுகிறபோது நாங்கள் ஏறுவதில் யாரும் வியக்க ஒன்றுமில்லை.

இப்போது எங்களிடம் அதிகம் விற்கப்படுவது டூர் மேனேஜர் கூட வராத பேக்கேஜ். டிக்கெட், ரூம், ஏர்போர்ட்டிலிருந்து வேன், இரண்டு மூன்று இடங்களுக்கு நுழைவுச்சீட்டு. மீதி நம் இஷ்டம். இது எங்களுக்குப் பிடித்தே இருக்கிறது. கொடி தூக்கியவர் பின்னால் கூட்டமாக ஓடுவதைவிட, மெல்ல நடக்கும் அம்மிச்சியோடு ஓர் ஆற்றங்கரையில் அரைநாள் உட்கார்ந்திருப்பது மேல். அதனால் வழிகாட்டியைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. அவருடைய சம்பளத்தை மிச்சம் பிடித்தீர்கள், சரி. அவர் தலைக்குள் வைத்திருந்த விவரம் எங்கே போயிற்று? அதைத் தாளில், தமிழில், முன்பணம் கட்டுவதற்கு முன்பே கொடுங்கள். எங்கள் தலையாய கோரிக்கை இதுதான். மற்றவை இதன் கிளைகள்.

இன்று கைக்கு வருவது ஆங்கிலத்தில் ஒரு நீளமான பிடிஎஃப், அதுவும் பெட்டி கட்டும் இரவில், வாட்ஸ்அப்பில். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அந்த ஊருக்குப் போக சத்தியமங்கலத்துக்காரருக்கு விற்ற வவுச்சரில் தமிழில் ஒரு வரி கிடையாது.

அந்தத் தாளில் முதலில் பெயரைப் பற்றி இருக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலோடு ஒரு பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் பலருக்கும் ஒரு கட்டம் காலியாகவே இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தது. பின்னால் சில தளர்வுகள் சொல்லப்பட்டன. ஆனாலும் துபாய் பேக்கேஜ் விற்கிறவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, "உங்கள் பெயர் இப்படி இருக்கிறது, இதற்கு இன்றைய விதி இது" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பணத்தில் கைவைக்க வேண்டும். தமிழ்நாட்டில் கடை போட்டு விட்டு தமிழர் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியாது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

அடுத்தது ஈசிஆர் முத்திரை, அதாவது வேலைக்குக் குடிபெயர அரசின் அனுமதி தேவை என்ற குறிப்பு. பத்தாவது தேறாத, ஐம்பது வயது தாண்டாத, வருமான வரியும் கட்டாத விவசாயியின் பாஸ்போர்ட்டில் அது விழும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைக் காக்க வந்த ஏற்பாடு அது. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. திரும்பி வரும் டிக்கெட்டையும் ரூம் பதிவையும் கையோடு வைத்திருந்தால் கேள்விக்குப் பதில் சொல்லலாம். இதைச் சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி இல்லாததால், பிள்ளைகள் முன்பு கவுண்டரில் திணறி நிற்கும்போது, எழுபது ஏக்கரில் ஏர் ஓட்டிய மனிதராக இருந்தாலும் கூசித்தான் போவார்.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே வேடமிட்டுக் காசு பிடுங்கும் தளங்களும் உண்டு. சரியான முகவரியை அச்சிட்டுக் கொடுங்கள். நீங்களே நிரப்பித் தருவதானால் உங்கள் கூலி எவ்வளவு என்று சொல்லி வாங்குங்கள். "அரசுக் கட்டணம்" என்று பில்லில் எழுதாதீர்கள்.

பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்பதையும் சேருங்கள். குழம்புப் பொடியில் கசகசா சேர்த்து அரைப்பது இங்கே சாதாரணம். அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சிங்கப்பூருக்கும் அனுமதி வாங்காமல் கொண்டுபோகக் கூடாது. மருமகள் பாசத்தோடு கட்டிக் கொடுத்த பொட்டலம் சுங்கத்தில் குற்றமாகிவிடும்.

பணக் கணக்குக்கு வருவோம். "எல்லாம் அடக்கம்" என்ற சொல்லுக்கு ஓர் எல்லை வையுங்கள். மலேசியாவில் வெளிநாட்டவர் ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். பாலியில் 2024 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு 1,50,000 ரூபியா. ஹோட்டல் பிடித்து வைக்கும் டெபாசிட், விடிகாலையில் போய் இறங்கினாலும் மதியம்தான் ரூம் என்பது, வேன் நமக்கு மட்டுமா பத்துப் பேரோடு பகிர்ந்தா என்பது, எல்லாம் விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இல்லாமல் விலைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கோவை–சென்னைக்கு ஒரு டிக்கெட்டும் சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு வேறு டிக்கெட்டும் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். தனித்தனிப் பதிவாக இருந்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. மலிவாகக் கிடைத்தது எப்படி என்று அப்போதுதான் புரிகிறது.

நிதி அமைச்சகத்துக்கு ஒன்றே ஒன்று. 2020 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ், அதாவது விற்பவர் மூலம் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிக்கிறீர்கள். 2023 அக்டோபரில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 விழுக்காடு வரை ஏற்றினீர்கள், பிறகு வரம்பைத் தளர்த்தினீர்கள். வரி பாக்கி இல்லாதவருக்கு அது திரும்பக் கிடைக்கும், கணக்குத் தாக்கல் செய்தால். ஆனால் விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் எங்களில் பெரும்பாலோர். தங்கள் பணம் பான் எண்ணில் கிடக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. பிடித்த தொகை, அதைத் திரும்பப் பெறும் வழி, கடைசித் தேதி மூன்றையும் ரசீதிலேயே தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்குங்கள்.

தமிழ்நாடு சுற்றுலாத் துறை, நம் மக்கள் அதிகம் போகும் நாடுகளுக்கு நாட்டுக்கொரு பக்கம் தமிழில் வெளியிட்டு, விதி மாறும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் அவசர எண், பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போக வேண்டிய இடம், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர் காப்பீட்டில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது, இவை அதில் இருந்தால் போதும். கோவில் படமும் வரவேற்புரையும் தேவையில்லை.

கடைசியாக, "வழக்கு எதுவானாலும் எங்கள் தலைமையக ஊர் நீதிமன்றத்தில் மட்டுமே" என்ற வரியை ஒப்பந்தத்திலிருந்து எடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். எங்களுக்கு அது ஈரோட்டிலுள்ள மாவட்ட ஆணையம். நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் வவுச்சரில் போடுங்கள்.

வரும் பொங்கலுக்குப் பிறகு பேக்கேஜ் நோட்டீஸோடு எங்கள் வீட்டுக்கு வருகிறவரிடம் இந்தச் சாசனத்தின் ஒரு நகலைக் கொடுப்போம். தமிழ்த் தாள் கைக்கு வந்து, அதை வீட்டுப் பெரியவர்களும் படித்துப் பார்த்த பிறகுதான் முன்பணம்.