துவக்கும் கத்தியும் நாம் எழுதாத கடிதங்களும்

2019 மே மாதத்தின் முதல் வாரம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து இரண்டு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. வாள், கத்தி, இராணுவச் சீருடையை ஒத்த உடுப்பு வைத்திருப்போர் அவற்றை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று பொலிஸ் பேச்சாளர் அறிவித்தார். அன்றாட வேலைக்குப் பாவிக்கும் கத்திகள் இதில் அடங்கா என்ற விளக்கமும் கூடவே சொல்லப்பட்டது. ஆனால் அந்த விளக்கம் கற்பிட்டி வீதியோரத்திலுள்ள எங்கள் ஊர்க் குசினிகளுக்கு வந்து சேரவில்லை. என் மாமி இறைச்சி வெட்டும் கத்திகள் இரண்டையும், மாமா கருவாட்டு வாடியில் பாவித்த நீளக் கத்தியையும் பழைய சாரமொன்றில் சுற்றி, சுபஹுக்கு முன்பே கொண்டுபோய்க் களப்பில் போட்டா.

"என்ன மாமி, துவக்கையா ஒளிக்கிறீங்க?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"நம்மட வீட்டுல இருந்தா கத்தியும் துவக்குதான் மகன்" என்றா.

அடுத்த வாரமே அந்த வார்த்தையின் பொருள் விளங்கியது. மே 12ஆம் திகதி, ஒரு முகநூல் வரிக்குப் பிழையான அர்த்தம் கற்பிக்கப்பட்டுச் சிலாபத்தில் கலவரம் தொடங்கியது. 13ஆம் திகதி கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி கூரிய ஆயுதங்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவசரகால விதிகள் அமுலில் இருந்தன. ஊரடங்கும் இருந்தது. வீடு வீடாகத் தேடுதலும் நடந்துகொண்டிருந்தது. கத்தியைக் களப்பில் போட்டவள் பயந்துபோய் வீட்டுக்குள் இருந்தாள். கத்தியைத் தூக்கியவன் வீதியில் நின்றான். சட்டம் ஒன்றுதான். அது யாருடைய வாசலில் போய் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் நான்கு பேர் தீர்மானித்தோம். தேடுதலின்போது எடுத்துச் செல்லப்பட்ட பொருட்களுக்குப் பற்றுச்சீட்டு இல்லை, வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டுக் கையொப்பம் மட்டும் வாங்கப்பட்டது, இவற்றைப் பாராளுமன்றத்தில் கேளுங்கள் என்று ஒன்றரைப் பக்கக் கடிதம். அதை ஓர் அரசியல்வாதியின் காரியாலயத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த செயலாளர் கடிதத்தைப் பிரிக்காமலே கேட்டார்: "யாருக்கு வேலை? சமுர்த்தியா, இடமாற்றமா?" வேலைக்கல்ல, சட்டம் சம்பந்தமாக என்றோம். அவர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கதிரையில் அவர் இருந்த காலமெல்லாம் நம் சமூகம் அவரிடம் கொண்டுபோனவை அந்த இரண்டு வகைக் கடிதங்களாகத்தான் இருந்திருக்கும்.

இக்கட்டுரையின் கோபம் பொலிஸ் மீது பாதி என்றால், மறுபாதி நம்மீதுதான்.

புத்தளத்தாருக்கு இந்தக் கோபம் புதிதாக இருக்கக்கூடாது. 1976 பெப்ரவரி 2ஆம் திகதியை மறந்துவிட்டு இவ்வூரில் யாரும் அரசியல் பேச முடியாது. அன்று பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் ஏழு பேர் ஷஹீதானார்கள். வுழூச் செய்துவிட்டு நுழையும் இடத்துக்குள் சப்பாத்துக் காலோடும் துவக்கோடும் அரசு நுழைந்தது. அப்போது நாட்டில் அவசரகாலச் சட்டம். 1971 மார்ச்சில் தொடங்கிய அது 1977 பெப்ரவரி வரை நீடித்தது. கிளர்ச்சியை அடக்கவென்று எடுத்த அதிகாரம், கிளர்ச்சி அடங்கி ஐந்து வருடத்துக்குப் பிறகும் கீழே வைக்கப்படவில்லை.

அச்சம்பவத்தை அன்றைய தேசிய அரசுப் பேரவையில் எழுப்பியவர் யார்? காங்கேசன்துறைப் பிரதிநிதி எஸ். ஜே. வி. செல்வநாயகம். புத்தளத்தில் வாக்குக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. முதுமையும் நோயும் உடலைத் தளர்த்தியிருந்த காலம் அது. அன்றைய முஸ்லிம் உறுப்பினர்கள் மௌனம் காத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை நம் மேடைகளில் ஒலிக்கிறது. தேர்தல் வந்தால் தவறாமல் ஒலிக்கிறது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டை ஒலிபெருக்கியில் சொல்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது வேறொன்று: அந்த மௌனத்தைக் கலைக்க நாம் என்ன செய்தோம்? எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை மனுக்கள் போயின? பள்ளி நிர்வாகங்களின் கூட்டக் குறிப்பேடுகளில் அதுபற்றி என்ன இருக்கிறது? இருந்தால் யாராவது பிரசுரியுங்கள். நம்மிடம் மர்ஸியா இருக்கிறது, நினைவுக் கவிதை இருக்கிறது. மனுவின் பிரதி இருக்கிறதா?

இது முஸ்லிம்களின் தனித்துயரம் என்று எண்ணிக்கொள்வதும் நம் பிழைகளில் ஒன்று. இதே மாவட்டத்துக் கடற்கரையில், சிலாபத்தில், 2012 பெப்ரவரி 15ஆம் திகதி எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராக மீனவர்கள் வீதிக்கு வந்தபோது விசேட அதிரடிப் படை சுட்டதில் ஒரு மீனவர் கொல்லப்பட்டார். அவர் கத்தோலிக்கர். அந்தச் செய்தியை நம் வாடிகளில் இருந்துகொண்டு நாம் எப்படிக் கேட்டோம்? நம்மைப் போலவே மண்ணெண்ணெய் போட்டுக் கடலுக்குப் போகிற ஒருவன் செத்தான் என்று கேட்டோமா, அல்லது அது 'அவர்களுடைய' பிரச்சினை என்று கேட்டோமா? அதற்கு முந்திய வருடம் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளி ஒருவர். 2013இல் வெலிவேரியவில் குடிதண்ணீர் கேட்டவர்கள். 2022 ஏப்ரலில் ரம்புக்கனையில் மீண்டும் எரிபொருள், மீண்டும் ஓர் உயிர். துவக்கு ஒருமுறை ஒரு சமூகத்தின்மீது கேள்வியின்றி வெடித்துவிட்டால், அடுத்தமுறை யாரையும் பார்த்துத் திரும்பும்.

சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, சட்டவிரோதமான கூட்டத்தைக் கலைக்கும்போது முதலில் கலைந்து போகும்படி கட்டளையிட வேண்டும், பின்னர் நியாயமாகத் தேவைப்படும் அளவு பலத்தை மட்டுமே பாவிக்கலாம் என்கிறது. 1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள், உயிராபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் துவக்கைப் பாவி என்கின்றன. எழுத்தில் இருப்பது இது. 'நியாயமான அளவு' எது என்பதை, சுட்டு முடிந்த பிறகு, சுட்ட திணைக்களமே முதலில் விசாரிக்கிறது. தகராறு இங்கேதான்.

மறுபக்கத்தில் குடிமகனின் கையிலுள்ள துவக்கு. அதற்குரிய சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது, பிற்பாடு திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. யானைக்கும் பன்றிக்கும் பயந்து தோட்டத்தில் இராக்காவல் இருக்கும் விவசாயி, பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு விண்ணப்பித்தால் கிராம உத்தியோகத்தரில் தொடங்கி பொலிஸ், பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் என்று படியேற வேண்டும். கிடைத்தாலும் வருடாவருடம் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். இது சரியானதுதான், துவக்கு அப்படித்தான் கட்டுப்படுத்தப்பட வேண்டும். ஆனால் தற்பாதுகாப்பு என்ற பெயரில் செல்வாக்குள்ளோருக்குப் பாதுகாப்பு அமைச்சு வழங்கிய துவக்குகள்? 2024 நவம்பரில் அவற்றை மீளாய்வுக்காகத் திரும்பக் கையளிக்கும்படி அமைச்சே அறிவிக்க வேண்டி வந்தது. கொடுத்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நம் மாவட்டத்தில் யார் யாருக்கு, எந்தக் காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டன என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எழுத ஒரு தாள் போதும். பாதுகாப்புக் காரணம் காட்டிப் பதில் தர மறுக்கலாம்; அந்த மறுப்பும் எழுத்தில்தான் வர வேண்டும். அதுவும் ஓர் ஆவணம்தான்.

இனி நம்மவர்களின் மறுப்புகளுக்கு வருவோம்.

முதலாவது, பெரியவர்களின் மறுப்பு: "பேசாம இருந்தா பிரச்சின இல்ல." 1976இல் பள்ளிக்குள் இருந்தவர்கள் என்ன பேசினார்கள்? கொட்டாரமுல்லைத் தச்சன் என்ன பேசினார்? அவரை மௌனம் காப்பாற்றியதா?

இரண்டாவது, இளைஞர்கள் சிலரின் மறுப்பு: "கடிதம் எழுதிப் பிரயோசனமில்ல, நம்மட கையிலயும் துவக்கு இருந்திருக்கணும்." தம்பிமாரே, அந்தப் பாதையை நாடு முழுவதும் பார்த்துவிட்டோம். கிழக்கின் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படைக்குத் துவக்குக் கொடுக்கப்பட்டபோது அதன் முனை அயல் தமிழ்க் கிராமத்தை நோக்கித் திருப்பப்பட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. துவக்குக் கொடுத்தவன் இரண்டு பக்கத்து ஜனாஸாக்களையும் எண்ணிக்கொண்டிருந்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இந்தக் கரைக்கு வந்து ஓலைக் கொட்டில் போட்டவர்களைக் கேளுங்கள். துவக்கின் நியாயம் என்னவென்று அவர்கள் சொல்வார்கள். வனாத்தவில்லுவில் 2019 ஜனவரியில் வெடிபொருட்கள் பிடிபட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. அது நம் மாவட்டம், பிடிபட்டவர்கள் நம் பெயர்களைக் கொண்டவர்கள். அதைப் பிடித்தபோது சட்டம் தன் வேலையைச் செய்தது. அதற்குப் பிறகு வந்த எச்சரிக்கைகளைக் கைவிட்டவர்கள் மேலிடத்தவர்கள். ஈடாகத் தேடப்பட்டது மாமியின் குசினி. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குற்றவாளியைத் தேடு, குசினியைத் தேடாதே என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது மறுப்பு நம் இலக்கிய நண்பர்களுடையது: "எழுத்தாளனுக்கு மனுவும் சட்டமும் எதற்கு?" இதற்குப் பதில் சொல்ல நான் தேவையில்லை. மன்னாரைச் சேர்ந்த அஹ்னாஃப் ஜஸீம் புத்தளத்துப் பாடசாலையொன்றில் கற்பித்த ஆசிரியர். 'நவரசம்' என்ற அவருடைய கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்று சொல்லி 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில். கத்தியை ஆயுதமாகப் பார்த்த கண், அடுத்த வருடமே கவிதையையும் ஆயுதமாகப் பார்த்தது. அந்தக் காலத்தில் கவிதைக்கு அர்த்தம் சொல்லத் தெரிந்த நாம் எத்தனை பேர் எழுந்து நின்று, இதன் பொருள் இதுவல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டோம்? என் கையெழுத்தும் அங்கே இல்லை. அதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

"எழுதினால் நடக்குமா?" என்பது கடைசிக் கேள்வி. எல்லாம் நடக்காது. ஆனால் உயிர்த்த ஞாயிறில் பாதிக்கப்பட்டவர்களும் மற்றையோரும் அடிப்படை உரிமை மனுப் போட்டார்கள்; 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு உயரதிகாரிகளும் தம் கடமையில் தவறினார்கள் என்று தீர்ப்பளித்து, நட்டஈடு கட்டச் சொன்னது. எழுத்தில் போட்டவர்களுக்குத் தாமதமாக என்றாலும் ஒரு பதில் கிடைத்தது. வாயால் புறுபுறுத்த நமக்கு எந்தப் பதிலும் கிடைக்கவில்லை.

நமக்கென்று ஓர் உறுப்பினர் வேண்டும், அதன்பின் பார்க்கலாம் என்பதும் பழைய சாட்டு. மாவட்ட சனத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நாம். முப்பது வருடம் காத்திருந்து 2020இல் தராசுச் சின்னத்துக்குப் போட்டு, மக்கள் வாக்கால் நேரடியாக ஒருவரை அனுப்பினோம். 2023 மே மாதம் அவர் தங்கத்தோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்டு அபராதம் கட்டினார். நம்மவர் என்பது ஒரு தகைமையல்ல என்று அந்தத் தராசே நிறுத்துக் காட்டியது. 2019 ஜூன் 3ஆம் திகதி முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் கூட்டாக இராஜினாமாச் செய்தார்கள். நாம் பெருமைப்பட்டோம். சில வாரங்களில் சிலர் மீண்டும் பதவிக்குத் திரும்பினார்கள். இடையில் தேடுதலைப் பற்றியோ, பொலிஸ் அதிகாரத்தைப் பற்றியோ ஒரு சட்டத் திருத்தம் முன்வைக்கப்பட்டதா?

புத்தளம் மாவட்டத்துக்கு எட்டு ஆசனங்கள். எட்டுப் பேரும் நம் பிரதிநிதிகள்தான். எட்டுப் பேருக்கும் எழுத வேண்டும். நாத்தாண்டியாவிலிருந்தும் வென்னப்புவையிலிருந்தும் போனவருக்கு நம் கடிதம் போகாவிட்டால், நாம் அங்கே இல்லை என்றே அவர் நினைப்பார். பாராளுமன்றத்தில் பொதுமனுக்கள் பற்றிய குழு இருக்கிறது. மனுவை உறுப்பினர் ஒருவர் மூலமே சமர்ப்பிக்கலாம். மறுத்தால் மறுத்தவரின் பெயரை ஊருக்குச் சொல்லலாம். தேசிய பொலிஸ் ஆணைக்குழு பொதுமக்களின் முறைப்பாட்டை ஏற்க வேண்டிய நிறுவனம். மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. துவக்குப் பாவிப்பது பற்றிய பொலிஸ் விதிகளை மூன்று மொழியிலும் பகிரங்கப்படுத்துங்கள். சூடு நடந்தால் சுட்டவரின் திணைக்களம் அல்லாத வேறோர் அமைப்பு விசாரிக்கட்டும். தேடுதலில் எடுக்கும் பொருளுக்கு வாசலிலேயே பற்றுச்சீட்டுக் கொடுங்கள். தமிழ் பேசுபவரின் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் கருமமாற்றும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இந்த நான்கில் ஒன்றாவது முஸ்லிமுக்கு மட்டும் உரியதா? சிலாபத்து மீனவனின் மனைவியும் இதன் கீழ் கையெழுத்திடுவாள். அவளிடம் போய் நாம் கேட்க வேண்டும், சிங்களத்தில் எழுதிய பிரதியோடு.

அன்று எங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்ட செயலாளர் அதை மேசை லாச்சிக்குள் வைத்தார். பதில் வரவில்லை. நாங்களும் திரும்பப் போகவில்லை. முதலாவது அவருடைய பிழை. இரண்டாவது எங்களுடையது. அதன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் திருத்தி, மேலே சொன்ன நான்கையும் சேர்த்து, இம்முறை எட்டுப் பிரதிகள் எடுத்திருக்கிறேன். எட்டும் பதிவுத் தபாலில் போகின்றன. இதை வாசிக்கும் நண்பர்கள் தங்கள் தங்கள் மாவட்டத்து உறுப்பினர்களின் எண்ணிக்கையைப் பார்த்து, அத்தனை பிரதிகள் எடுக்க வேண்டும்.