பிராக் நகரில் ஓர் இலையுதிர் நாள்

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் வஸந்த காலத்தையோ கோடையையோதான் நாடுவார்கள். செக் நாட்டின் தலைநகரான பிராகைப் பொறுத்தமட்டில் இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்வது நலம். அந்த ஜனங்களின் தோல்வியும் வெற்றியும் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே நிகழ்ந்திருக்கின்றன. அக்டோபர் மாதக் கடைசியில், அவசர ஜோலி ஒன்றும் இல்லாமல், அந்நகரில் ஒரு பகல் முழுதும் காலாற நடந்தால் இது நன்கு விளங்கும்.

காலையில் சார்லஸ் பாலத்திலிருந்து புறப்படலாம். வல்டாவா நதியின்மேல் பனிமூட்டம் இன்னும் கலைந்திராது. பாலத்தின் இரு மருங்கிலும் உள்ள 30 சிலைகளும் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளிப்படும். 1342-ஆம் வருஷத்து வெள்ளம் பழைய பாலத்தைக் கொண்டுபோய்விடவே, நான்காம் சார்லஸ் மன்னர் 1357-ல் இதைக் கட்டத் தொடங்கினார். சாந்து கெட்டிப்படுவதற்காக நாடெங்கிலுமிருந்து முட்டைகள் தருவித்தார்கள் என்றும், ஓர் ஊரார் மாத்திரம் வழியில் உடைந்துவிடப் போகிறதே என்று பயந்து, அவற்றை நன்றாக வேகவைத்து அனுப்பினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. ராஜ விசுவாசத்துக்கும் முன்யோசனைக்கும் இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

பாலத்தைக் கடந்து பழைய நகர்ச் சதுக்கத்துக்கு வந்தால் 1410-ல் அமைத்த வானசாஸ்திரக் கடிகாரத்தைக் காணலாம். மணிக்கொரு தரம் ஓர் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து, "புறப்படு" என்பதுபோல் மணியடிக்கிறது. அருகே நிற்கும் லோபியும் தற்பெருமைக்காரனும், "அதற்குள்ளாகவா?" என்று தலையை ஆட்டுகிறார்கள். பிறகு சேவல் கூவுகிறது. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைகிறது.

ஆனால், அங்கிருந்து சில அடி தூரத்தில் தரையைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். நடைபாதைக் கற்களில் 27 சிலுவைகள் பதித்திருக்கின்றன. 1620 நவம்பரில் நகருக்கு வெளியே வெண்குன்றுப் போரில் செக் பிரபுக்கள் தோற்றார்கள். மறு வருஷம் ஜூன் மாதம், அவர்களுடைய தலைவர்கள் 27 பேருக்கு இந்த இடத்தில்தான் மரண தண்டனை நிறைவேறிற்று. அதற்குப் பிறகு ஏறத்தாழ முந்நூறு வருஷம் ஹாப்ஸ்பர்க் வம்சத்தாரின் ஆட்சி. நாளடைவில் உத்தியோகத்துக்கும் உயர்தரப் படிப்புக்கும் ஜெர்மன் பாஷை என்றாயிற்று. செக் பாஷை குடியானவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் உரியதாயிற்று. இப்படிப்பட்ட கதையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சதுக்கத்தின் நடுவே ஜான் ஹஸ் என்ற மகானின் நினைவுச் சின்னம் நிற்கிறது. தம் கொள்கையைக் கைவிட மறுத்ததற்காக 1415-ல் உயிரோடு எரிக்கப்பட்டவர் அவர். செக் பாஷையின் எழுத்து முறையைச் சீர்படுத்திய பெருமையும் அவருக்கு உண்டு. ஐந்நூறாவது ஆண்டான 1915-ல் இச்சின்னத்துக்குத் திறப்பு விழா நடத்தச் சர்க்கார் அனுமதி தரவில்லை. ஜனங்களோ பூக்களைக் கொண்டுவந்து சிலையையே மூடிவிட்டார்கள்!

பிற்பகலில் நதிக்கரையோடு நடந்து தேசீய நாடக சாலையை அடையலாம். நாள் முழுவதும் நடந்ததற்கு இந்த ஒரு கட்டடமே போதிய பலன். தங்கள் பாஷையில் நாடகம் நடத்தத் தங்களுக்கென்று ஓர் அரங்கம் வேண்டும் என்று செக் மக்கள் ஊர் ஊராக நிதி திரட்டி, 1868-ல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். 1881 ஜூன் மாதம் அரங்கம் திறந்தது. ஆகஸ்டு மாதம் தீப்பற்றி எரிந்துபோயிற்று. பதின்மூன்று வருஷத்து உழைப்பு! வேறு ஜனங்களாயிருந்தால் விதியை நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்களோ 47 நாட்களில் பத்து லக்ஷம் கில்டர் சேர்த்துவிட்டார்கள். 1883 நவம்பர் 18-ஆம் தேதி, ஸ்மெடனா இயற்றிய "லிபுஷே" என்னும் இசை நாடகத்துடன் அரங்கம் மீண்டும் திறந்தது. மேடைக்கு மேலே பொறித்திருக்கும் இரண்டே சொற்களுக்கு, "தேசம் தனக்கே அளித்தது" என்று பொருள் கொள்ளலாம்.

பாஷைக்கு வீடு கிடைத்தபின் தேசத்துக்கு விடுதலை வர 35 வருஷமாயிற்று. 1918 அக்டோபர் 28-ல் சுதந்திரப் பிரகடனம் வந்தது. மஸாரிக் என்ற கல்லூரி ஆசிரியர் முதல் ஜனாதிபதியானார். பின்னர் ஹிட்லர் வந்தான். 1968-ல் ரஷ்ய டாங்கிகள் வந்தன. 1989 நவம்பர் 17-ல் மாணவர்கள் ஊர்வலம் புறப்பட்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் ஹாவெல் என்ற நாடகாசிரியர் ஜனாதிபதியாகிவிட்டார். நாடக சாலைக்குப் போட்ட பணம் வீண் போகவில்லை!

மாலையில் பெட்ரீன் குன்றின்மேல் நின்றால், பழுத்த இலைகளுக்கிடையே நூறு கோபுரங்கள் தெரியும். 1348-ல் ஸ்தாபிதமான சார்லஸ் சர்வகலாசாலை இருப்பதும் இந்நகரில்தான். தமிழறிஞர் கமில் ஸ்வெலபில் 1927-ல் இங்கே பிறந்தவர். அந்தக் கலாசாலையில் தமிழ் போதித்தவர். 1968-க்குப் பின் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தபோதும் தமிழை மாத்திரம் விடவில்லை. தன் பாஷையை இழக்கத் தெரிந்து, மறுபடி மீட்டுக்கொண்ட ஜாதியில் பிறந்தவர் நம் தமிழைத் தேடிப் படித்ததில் ஆச்சரியமில்லை. தமிழ் வீட்டில் பிறந்த குழந்தை தமிழில் ஒரு கடிதம் எழுதத் திணறுவதைப் பெற்றோர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அதுதான் ஆச்சரியம்!