செத்துப்போகலை, தூங்குது!

குளிர்நாட்டுத் தோட்டப் பைத்தியங்களுக்கு இலையுதிர்காலம் வந்தால் ஒரு வேலை உண்டு. உறைபனிக்கு முன்னாடி டேலியா, கிளாடியோலஸ் மாதிரி குளிர் தாங்காத கிழங்குகளைத் தோண்டி, காயவைத்து, உறைபனி எட்டாத இடத்தில் பத்திரப்படுத்துவார்கள். வசந்தத்தில் மறுநடவு. அந்தப் பட்டியலில் நம்மூர் ஆளும் உண்டு. செங்காந்தள்! நம்ம மாநிலப் பூ. ஈழத்தில் கார்த்திகைப்பூ, விவசாயிகளுக்குக் கண்வலிக்கிழங்கு. அங்கெல்லாம் தொட்டியில் வளர்த்து, குளிர்காலம் முழுக்க தண்ணி காட்டாமல் வீட்டுக்குள் தூங்கவைக்கிறாங்க.

எங்க வடக்கனந்தலில் உறைபனி ஏது? ஆனா தூக்கம் உண்டு. இங்கே சித்திரை வெயில்தான் அதுக்குக் குளிர்காலம். மழைக்கு முளைச்சு, வேலியில நெருப்பு மாதிரி பூத்து, காய் வெடிச்சதும் கொடி சருகாயிடும். மண்ணுக்குள்ள கலப்பை மாதிரி வளைஞ்ச கிழங்கு மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

என் ஆதங்கமே இங்கதான். நாம வேலியைச் சுத்தம் பண்றதும் சரியா அந்தக் கோடையில்தான். மேலே ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிடறோம். ஒரே நாளில் ஜேசிபி வந்து உயிர்வேலியை வழிச்சு எடுத்துட்டுப் போயிடுது, கம்பிவேலி வந்துடுது.

இன்னொரு பக்கம் காசு. இதன் விதையில் இருக்கும் கால்ச்சிசின் கௌட் எனும் மூட்டுவலிக்கு மருந்து. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பயிராவே பண்றாங்க. தப்பில்லை. ஆனா விதை போட்டா பூக்க சில வருஷம் ஆகும். அதனால நடவுக்குக் கிழங்குதான் வேணும். அதைக் காட்டுல தோண்டி எடுத்தா காடு காலி. கல்வராயன் மலையடிவாரத்துக்கு அது வேண்டாம்.

"விஷச்செடியாச்சே"ன்னு கேட்பீங்க. ஆமா, விஷம்தான், கிழங்கு முக்கியமா. குழந்தைங்க, ஆடு மாடு கிட்ட போகாம பார்த்துக்கணும். அரளியும்தான் விஷம். அதை நெடுஞ்சாலை நடுவுல வரிசையா நட்டு வளர்க்கலையா?

வேலியை எடுத்தே ஆகணும்னா, கொடி காய்ஞ்ச பிறகு கையுறை போட்டுத் தோண்டுங்க. முளை இருப்பது கிழங்கின் நுனியில்; அது ஒடிஞ்சா முளைக்கிறது கஷ்டம். நிழல்ல, காய்ஞ்ச மணல்ல புதைச்சு வச்சு, ஆடியில வேற வேலியோரம் நட்டுடுங்க. நடுவுல பாவம்னு தண்ணி ஊத்தாதீங்க, அழுகிடும் :)

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலாவதே செங்காந்தள்தான். அவ்வளவு பழைய சொந்தத்துக்கு நாலு மாசம் மண்வெட்டி படாத இடம் கொடுக்கக் கூடாதா? உங்க ஊர் வேலியில இன்னும் இருக்கா, சொல்லுங்க மக்களே.