கைதட்டல் தொண்டாகுமோ?

தொல்காப்பியப் பாயிரம் தமிழுலகின் வட எல்லையாக வகுத்த வேங்கடத்தின் அடிவாரத்தில் வாழ்கின்றோம் நாம். 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. பரம்பரையாக இங்கிருப்போரும் அலுவல் நிமித்தம் வந்தோரும் கூடும் சங்கங்களில் ஒரு புலம்பல் மட்டும் ஓய்வதில்லை: "தமிழ்ப்பணிக்கு ஆள் வருவதில்லை, இளைஞர்க்கு ஆர்வமில்லை." இக்கூற்றை நாம் மறுக்கின்றோம். ஆள் இல்லாமல் இல்லை. வருவோர்க்கு இன்ன வேலை என்று எடுத்துக் கொடுப்பார்தாம் இல்லை.

சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. திருமலையில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீவாரி சேவைக்கு, ஊதியமின்றி உழைக்க மக்கள் திரள்திரளாக வருகின்றனர். பக்தியே காரணம் என்பர். பக்தி அவர்களை மலையேற்றும், உண்மை. ஆயின், "நீர் காய் நறுக்குக, நீர் வரிசையை ஒழுங்கு செய்க" என்று பகுத்தளிக்கும் முறையன்றோ அப்பக்தியைப் பணியாக்குகின்றது?

எவரும் படித்துத் திருத்திப் பகிரத்தக்க திறந்தமூல மென்பொருளும் இவ்வழியில் வளர்ந்ததே. 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் இயக்குதளத்தை அறிவித்தபோது சொற்பொழிவு ஆற்றவில்லை. எவ்வசதிகள் வேண்டும் என்று கேட்டார்; மூலநிரலை வெளியிட்டார். குறை கண்டவர்களே அதனைத் திருத்தும் தொண்டர்களாயினர். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் மதுரைத் திட்டம் தோன்றிற்று. பல நாட்டுத் தமிழர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டனர். தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் மின்பதிப்பின் முகப்பிலேயே இடம் பெற்றன. சிறு பணிக்கும் பெயர் நிலைத்தது.

இன்று விக்கிமூலம் நம்மை அழைக்கின்றது. மீடியாவிக்கி என்னும் திறந்தமூல மென்பொருளில் இயங்கும் அத்தளத்தில், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல படிமங்களாக ஏற்றப்பட்டுள்ளன. கணினி அவற்றைப் படித்துத் தந்த எழுத்தில் பிழைகள் மலிந்துள்ளன. ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறம் பெறும். மற்றொருவர் சரிபார்த்தபின் பச்சையாகும். இரண்டையும் ஒருவரே செய்ய இயலாது. ஒருவர் படியெடுக்க மற்றொருவர் ஒப்புநோக்கும் அரசு அலுவலக வழக்கத்தில் ஊறிய நமக்கு இது புதிய வித்தையா?

பரிசு கொடுத்து ஆள் சேர்க்கலாம் என்பார் உளர். பரிசுக்கு வந்தவர் பரிசோடு போவர். புலமையில்லார் தொடலாகாது என்பாரும் உளர். ஒற்றுப்பிழைக்காக ஓர் இளைஞனை அவையில் நகைப்பவர், பிழையையா களைகின்றார்? ஆளையன்றோ களைகின்றார்! பிழையைக் காட்டிக்கொடுத்து, திருத்தியபின் நன்றி கூறுவதே ஆள் சேர்க்கும் கலை.

ஆதலின் நாம் வேண்டுவது இது: ஆண்டு விழாவில் ஒரு சொற்பொழிவைக் குறைப்போம். அந்நேரத்தில் ஒரு நூலைத் தேர்ந்து, குடும்பத்துக்கு ஒரு பக்கம் பிரித்தளிப்போம். பாட்டி அச்சுப் பக்கத்தை வாசிக்கட்டும். தெலுங்கு வழியில் பயிலும் பேரன் அதைக் கேட்டு, எழுத்துக்கூட்டித் திருத்தட்டும். பக்கமும் மஞ்சளாகும், பேரனுக்கும் தமிழெழுத்து வசப்படும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தைக் கையில் கொடாமல், கூட்டம் நகரவில்லை என்று குறைகூறுவது என்ன நியாயம்?