கயாக்கில் சுக்கான் எதற்கு? திருப்புவதற்கு இல்லை!

ரீல்ஸில் பார்த்தால் கயாக் ஓட்டுவது ரொம்ப சுலபம். துடுப்பை இந்தப் பக்கம் ஒரு போடு, அந்தப் பக்கம் ஒரு போடு, படகு நேராகப் போகும். காற்றில்லாத ஏரியில் அது உண்மைதான். கடலில் பக்கவாட்டுக் காற்று அடிக்க ஆரம்பித்தால் கதையே வேறு. நீங்கள் நேராகப் போகப் பார்ப்பீர்கள். படகின் மூக்கோ காற்று வரும் திசைக்கே திரும்பிக்கொண்டிருக்கும்.

காற்று தள்ளினால் படகு காற்றோடுதானே போக வேண்டும், ஏன் எதிர்த்துத் திரும்புகிறது? முன்னால் போகும் படகின் மூக்கை இரண்டு பக்கமும் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வாலுக்கு அந்தப் பிடி கிடையாது. கலங்கிய தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வருகிறது. அதனால் காற்று வாலை எளிதாக ஒதுக்கிவிடுகிறது. வால் அந்தப் பக்கம் போனால் மூக்கு இந்தப் பக்கம் வரத்தானே செய்யும்? இதற்கு ‘வெதர்காக்கிங்’ என்று பெயர். கூரை உச்சியில் நின்று காற்றுத் திசை காட்டும் தகரச் சேவல்தான் அந்த ‘வெதர்காக்’. மூட்டை முடிச்சை எல்லாம் முன்பக்கம் திணித்தால் சேவலின் ஆட்டம் இன்னும் அதிகமாகும்!

இதற்காகத்தான் வால் பக்கம் சுக்கான். கால் பெடலால் இயக்குவது. பலரும் இதை கார் ஸ்டியரிங் மாதிரி நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை திருப்புவது அல்ல, காற்றிலும் நேராகப் போக வைப்பது. சில படகுகளில் சுக்கானுக்குப் பதில் ‘ஸ்கெக்’ இருக்கும். அடியில் இறக்கி ஏற்றும் ஒரு சிறு தகடு, அவ்வளவுதான், பக்கவாட்டில் திரும்பாது. முழுக்க ஏற்றிவிட்டால் மூக்கு காற்றைப் பார்க்கும், முழுக்க இறக்கினால் காற்றோடு ஓடப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ நேர்வழி இருக்கிறது. எனக்கு இந்த எளிமைதான் பிடித்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், சுக்கானின் கேபிள் அறுந்துபோகலாம். ஸ்கெக்கில் கூழாங்கல் சிக்கலாம். பெரிய அலையில் வால் தூக்கும்போது சுக்கான் அந்தரத்தில் நிற்கும். அப்போது கைகொடுப்பது உடம்புதான். காற்று வரும் பக்கமாக இடுப்பால் படகை லேசாகச் சாய்த்து, அதே பக்கத்தில் துடுப்பை அகலமாக வளைத்துப் போட வேண்டும். மூக்கு காற்றை விட்டு விலகும். நம் ஊர்க் கடற்கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைப் படகுகளில் பெரும்பாலும் சுக்கானே இருக்காது என்பதால், இது எல்லோருக்கும் தேவை.

காற்றைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும்? 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் ரெஜிஸிலிருந்து பக்கத்து ஊரான சார்மௌத்துக்கு எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்சியாளர்கள் கயாக்கில் கிளம்பினார்கள். கரையோரமாகப் போகும் சின்னப் பயணம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசிய காற்று அவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. மீட்புக் குழு வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பயிற்சி மையத்தை நடத்திய நிறுவனமே குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறுவர்களுக்கான சாகசப் பயிற்சி மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று 1995-ல் சட்டமும் வந்தது.

கரையிலிருந்து வீசும் காற்று ஏமாற்றும். கரையை ஒட்டிய தண்ணீர் சலனமே இல்லாமல் இருக்கும். உள்ளே போகப் போகத்தான் காற்றின் பலம் தெரியும். பாய்மரக் காலத்து மீனவர்கள் விடியற்காலை நிலக்காற்றில் கடலுக்குப் போய், மதியத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்பினார்கள். உங்கள் கயாக்கில் பாய் கிடையாது. காலையில் முதுகில் சுகமாகத் தள்ளும் அந்தக் காற்றை, திரும்பும்போது களைத்த கையோடு எதிர்க்க வேண்டியிருக்கும்.

அதனால் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், “இப்போ காத்து எந்தப் பக்கம்ண்ணா?” என்று கேளுங்கள். பதில் ‘கரையிலிருந்து’ என்றால், அன்றைக்கு உப்பங்கழிப் பக்கம் ஓட்டிப் பழகலாம். எங்கே ஓட்டினாலும் லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளைப் போட்ட பிறகு செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள்.