கொக்காவில் கோபுரத்துக்குக் கீழே ஒரு டிஷ்

எங்கட வீடு முறிகண்டிக்குக் கிட்ட. இரவில் முற்றத்தில் நின்று தெற்குப் பக்கம் பார்த்தால் கொக்காவில் கோபுரத்தின் சிவப்பு விளக்குகள் தெரியும். 174 மீற்றர் உயரம். ரீவிக்கும் ரேடியோவுக்கும் போனுக்கும் எண்டு கட்டின கோபுரம். அதுக்குக் கீழே குடியிருந்துகொண்டு, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிற செய்மதியிலிருந்து ரீவி பார்க்க நாங்கள் மாசா மாசம் காசு கட்டினோம். போன வருசம் வரைக்கும் எனக்கு இதில் ஒரு பிழையும் தெரியேல்ல.

தெரிய வைத்தது ஒரு பில். அப்பாவுக்கு வேலை குறைந்த மாசம். டிஷ்ஷுக்கு 1,800 ரூபா, என்ர போர்டிங் காசு, தம்பியின்ர ரியூசன், கறண்ட் பில். அம்மா கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இதை நிப்பாட்டுவம்" எண்டா. அம்மம்மா ஒண்டும் சொல்லேல்ல. ரிமோட்டைச் சேலைத் தலைப்பால் துடைச்சு அலுமாரிக்கு மேல வைச்சா, அவ்வளவுதான். எனக்கு அது பொறுக்கேல்ல. "கவலைப்படாதேங்கோ அம்மம்மா, இப்ப எல்லாத்தையும் போனில சும்மா பாக்கலாம்" எண்டு வாயைக் குடுத்திட்டன்.

சும்மா பார்க்கலாமா? அடுத்த இரண்டு மாசம் நான் கண்டுபிடிச்சதைத்தான் இங்க எழுதுகிறேன். வீட்டில் இதே கணக்குப் பார்க்கிற ஆட்களுக்கு உதவும்.

முதல் போன். யூரியூப்பில் இந்தியத் தமிழ்ச் செய்திச் சனல்கள் பல நாள் முழுக்க நேரலை ஓடும். கொழும்புச் சனல்களின் செய்திகளும் வரும். காசு இல்லை. ஆனால் டேட்டா? 480பி தரத்தில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் அரை ஜீபிக்கு மேல போகும். அம்மம்மா ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் ரீவி பார்க்கிற ஆள். மாசம் 120 மணித்தியாலம். குறைஞ்சது 60 ஜீபி. எங்கட பக்கம் வயர் இணைப்பு இல்லை, ரீலோட் போட்டுத்தான் டேட்டா. டிஷ் பில்லை வெட்டி அதே காசை டேட்டாவுக்குக் கட்டினால் மிச்சம் எங்க?

நைட் டேட்டா மலிவுதானே எண்டு நினைச்சேன். கம்பஸ் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் படம் இறக்குறம். விடிய அஞ்சு மணிக்கு எழும்பி, முதல் நாள் நாடகத்தை இறக்கி, காலமை தேத்தண்ணியோட அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நாள் பார்த்தா. மூண்டாம் நாள், "முன்வீட்டு அக்கா ராத்திரியே கதை முழுக்கச் சொல்லிப்போட்டா. ஊரே பாத்து முடிச்சதை நான் பிறகு பாக்கிறதோ?" எண்டு கேட்டா.

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கேல்ல. எங்கட வயசு ஆட்களுக்கு 'லைவ்' எண்டால் மேட்ச் மட்டும்தான். மற்றதெல்லாம் விரும்பின நேரத்தில் பார்க்கலாம், நிப்பாட்டலாம், ஓடவிடலாம். அம்மம்மாவுக்கு அப்படி இல்லை. எட்டு மணி நாடகத்தை எட்டு மணிக்குப் பார்த்தால்தான் அடுத்த நாள் வேலிக்கரையில் கதைக்க ஏதாவது இருக்கும். நேரலை எண்டது அவவுக்கு ஊரோட சேர்ந்து இருக்கிற ஒரு வழி. இன்னொண்டு, போன் ஒரு ஆளின்ர கைக்குத்தான் அளவு. ரீவியை நாலு பேர் சுத்தியிருந்து பார்ப்பார்கள். போனை அம்மம்மாவிடம் குடுத்தால் நான் படிக்க ஏலாது, நான் வைச்சிருந்தால் அவவுக்கு ரீவி இல்லை.

அடுத்தது பெட்டிகள். இந்தியாவுக்கெண்டு விற்கிற டிஷ் பெட்டியைக் கொண்டுவந்து, அங்க இருக்கிற ஆரோ ஒருவரைப் பிடிச்சு ரீசார்ஜ் பண்ணுற பழக்கம் எங்கட பக்கம் கனகாலமாக இருக்கு. மலிவுதான். ஆனால் அந்தச் சேவை இங்க விற்கிறதுக்கு அனுமதி எடுத்ததில்லை. காசு வாங்கின ஆள் போன் எடுக்காவிட்டால் முறையிட இடமும் இல்லை. வெளிநாட்டில் இருந்து வாற சொந்தக்காரர் கொண்டுவாற 'உலகத்துச் சனல் எல்லாம் வரும்' பெட்டியும் அப்படித்தான். களவாக எடுத்த ஒளிபரப்பு, ஒரு நாள் இருக்கும், மற்ற நாள் இருக்காது. அதுவும் இணையத்தில்தான் ஓடும், திரும்பவும் டேட்டாக் கணக்கு.

இந்திய அரசின்ர 'டீடீ ஃப்ரீ டிஷ்' எண்டு ஒண்டு இருக்கு. மாசக் கட்டணமே இல்லை, டிஷ்ஷும் பெட்டியும் ஒருக்கா வாங்கினால் சரி. 2004 ஆம் ஆண்டு டிசம்பரில் வேறொரு பெயரில் தொடங்கினது. சொந்தச் சனங்களுக்கு இலவசமாக ரீவி குடுக்க வேண்டும் எண்டு ஒரு அரசு நினைச்சால் என்ன செய்யலாம் எண்டதுக்கு அது நல்ல உதாரணம். ஆனால் அதுவும் அந்த நாட்டுச் சனங்களுக்கெண்டு செய்தது. அம்மம்மா தேடுற சன் ரீவி அதில் இல்லை. முறிகண்டியில் என்ன நடக்குது எண்டு சொல்லுறது அதின்ர வேலையும் இல்லை.

கடைசியாகத்தான் அன்ரனா ஞாபகம் வந்தது. கடைசியாக வந்ததுதான் வெட்கம். ரவுணில் அன்ரனா, வயர், ஜீஐ பைப் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாவுக்குள்ள முடிஞ்சுது. மாமா கூரையில் ஏறித் திருப்ப, தம்பி யன்னலடியில் நிண்டு "வருது... போச்சு... வருது" எண்டு கத்த, ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ரூபவாஹினி வந்தது, ஐரிஎன் வந்தது, வேறு சில சிங்களச் சனல்கள் பளிச்செண்டு வந்தன. தமிழில் நேத்ராவும் வசந்தமும் வந்தன. சக்தி புள்ளி புள்ளியாக வந்தது. டிஷ்ஷுக்கு வருசம் 21,600 ரூபா கட்டின வீட்டுக்கு இது ஒருக்காச் செலவு. நாலாம் மாசத்திலேயே காசு திரும்பிவிடும்.

ஆனால் அண்டைக்குத்தான் இன்னொரு விசயமும் விளங்கினது. கூரையில் ஒரே பைப்பை நட்டு ஒரே 6,000 ரூபாவைச் செலவழிச்சால் சிங்களம் தெரிஞ்ச வீட்டுக்குச் செய்தி, நாடகம், மேட்ச், விவாதம் எண்டு ஒரு நாள் முழுக்கப் பார்க்கச் சனல்கள் இருக்கு. எங்களுக்கு இருக்கிறது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலது. மிச்சத்தைத் தமிழில் பார்க்க ஆசைப்பட்டால் காசு கட்ட வேண்டும். மாசா மாசம் நாங்கள் கட்டின 1,800 ரூபா உண்மையில் எதுக்கு? தமிழில் பார்க்கிறதுக்கு. யாரும் சட்டம் போடாத ஒரு மொழி வரி எண்டு நான் அதைச் சொல்லுவேன்.

"அப்ப இந்தியச் சனல் பாக்கிறது பிழையோ?" எண்டு என்ர கூட்டாளி ஒருத்தி சண்டைக்கு வந்தாள். பிழை எண்டு நான் சொல்லேல்ல. எங்கட சனம் வாசலுக்கு வந்ததைப் பார்த்த சனம். 1987 இல் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் தொடங்கின பிறகு, அம்மம்மா அப்ப இருந்த சுன்னாகத்தில் வீட்டுக்கு வீடு பனை உயரத்துக்கு அன்ரனா நட்டார்களாம். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி தொடங்கினது. கொக்காவிலில் அதுக்கு ஒரு நிலையமும் இருந்தது. 1990 ஜூலைச் சண்டையில் அது அழிஞ்சு போச்சு. இப்ப இருக்கிற கோபுரம் திறந்தது 2011 ஜூனில். இடையில் 21 வருசம். ஒரு தலைமுறை முழுக்க, சொந்த நாட்டின்ர ரீவி தனக்கில்லை எண்டு பழகிவிட்டது. பிறகு கோபுரம் வந்தது, பழக்கம் மாறேல்ல. மாறுகிற அளவுக்குக் கோபுரத்தில் இருந்து எங்கட மொழியில் வரவும் இல்லை.

இதெல்லாம் நாடகம் பார்க்கிற பிரச்சினைதானே, இதுக்கு ஏன் இவ்வளவு நீட்டி எழுத வேண்டும் எண்டு கேட்கலாம். நானும் நவம்பர் வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன்.

2025 நவம்பர் 28 இல் டித்வா புயல் அடிச்சது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்துப்போனார்கள். நான் அப்ப வீட்டில்தான் நிண்டேன். அதுக்கு முதல் நாள் மழையில் முன்வீட்டு டிஷ்ஷில் 'சிக்னல் இல்லை' எண்டு எழுத்து வந்துவிட்டது. பெருமழைக்கு அந்த அலை தாங்காது, அது எந்தக் கொம்பனியின்ர டிஷ் எண்டாலும் அப்படித்தான். அவர்களும் எங்கட வீட்டுக்கு வந்தார்கள். அன்ரனாவில் படம் வந்துகொண்டிருந்தது. போனில் ஒரு இந்தியச் சனலைப் போட்டால் சென்னைக்கு எப்ப மழை, எந்த மாவட்டத்துக்குப் பள்ளிக்கூட லீவு எண்டு விபரமாகச் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்டே ஒண்டுதான்: இரணைமடுவின்ர வான்கதவு எத்தனை அடி திறந்திருக்கு, கீழ்ப்பக்கம் இருக்கிற பெரியம்மா வீட்டை விட்டு வெளிக்கிட வேணுமோ? ரீவியில் ஒரு சனலின் கீழ்ப்பக்கம் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. சிங்களத்தில். அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அதை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிஞ்சது எனக்கு மட்டும். நான் ஒரு சொல்லை வாசிச்சு முடிக்க முன்னம் வரி ஓடிப் போய்விடும்.

பிறகு கறண்ட் போனது. இரவு போன் சிக்னலும் போனது. 60 ஜீபி இருந்திருந்தாலும் ஒண்டும் செய்திருக்க ஏலாது. மாமாவின்ர ஓட்டோ ரேடியோதான் மிச்சம். மழைக்குள்ள ஓட்டோவுக்குள் ஐந்து பேர் நெருங்கியிருந்து செய்தி கேட்டோம். பெரியம்மா வீட்டுக்கு ஆளனுப்பித்தான் கூட்டிவந்தோம், ரீவி சொல்லி இல்லை.

அதுக்குப் பிறகு, 'மலிவான ரீவி எது' எண்ட கேள்வியை நான் வேற மாதிரித்தான் பார்க்கிறேன். டேட்டாவில் ஓடுற ரீவி எவ்வளவு பேர் பார்க்கிறார்களோ அவ்வளவுக்கு இணைப்பைத் தின்னும், இணைப்புப் போனால் அதுவும் போகும். கோபுரத்திலிருந்து வாற அலைக்கு ஒரு வீடு பார்த்தாலும் ஒரு லட்சம் வீடு பார்த்தாலும் ஒரே செலவு. யாருக்கும் பில் வராது. ஏழை வீட்டுக்கும் ஆபத்து நேரத்துக்கும் பொருத்தமானது அதுதான். 'எல்லாம் ஒன்லைனுக்குப் போயிட்டுது, இனி அன்ரனா எதுக்கு' எண்டு சொல்லுறவர்கள் வீட்டில் ஃபைபர் இருக்கிறவர்கள்.

இலங்கை இன்னும் பழைய அனலொக் முறையில்தான் ஒளிபரப்புது. டிஜிற்றலுக்கு மாற ஜப்பானின்ர தொழில்நுட்பத்தைத் தெரிவுசெய்தது 2014 இல். எத்தனை அரசாங்கம் மாறிவிட்டது, என்ர அன்ரனாவில் மாற்றம் இல்லை. அந்த முறை வந்தால் இப்ப ஒரு சனல் பிடிக்கிற இடத்தில் பல சனல்களை அனுப்பலாம். அனர்த்த நேரத்தில் ரீவிப் பெட்டிகளுக்கு நேரடியாக எச்சரிக்கை அனுப்புற வசதியும் அதில் இருக்கு. நிலநடுக்கத்தோடும் சுனாமியோடும் வாழுற நாடு செய்த முறை அல்லவா. ஆனால் அந்த எச்சரிக்கை எந்த மொழியில் வரும்? புதுசாகக் கிடைக்கிற இடத்தில் எத்தனை சனல் தமிழுக்கு? பழைய ரீவிக்குத் தேவையான பெட்டியை மலிவாகக் குடுப்பார்களா, இல்லை அதுவும் ஒரு மாசக் கட்டணமாகுமா? இதை இப்பவே கேட்க வேண்டியது நாங்கள்தான். எல்லாம் கட்டி முடிச்ச பிறகு கேட்டால் 'அடுத்த கட்டத்தில் பார்ப்போம்' எண்டுதான் பதில் வரும். தமிழ்ச் சனல்களில் வேலை செய்கிற எங்கட வயசுப் பிள்ளைகள் எனக்குத் தெரிஞ்சே இருக்கினம். திறமைக்குக் குறையில்லை. அதை வீடு வரைக்கும் கொண்டு வந்து சேர்க்கிற விருப்பத்திலும் காசிலும்தான் குறை.

அதுவரைக்கும் என்ர சிபாரிசு சாதாரணமானது. டிஷ்ஷுக்குப் பதிய முன்னம், ஒரு பின்னேரம் அன்ரனாவைக் கட்டித் திருப்பிப் பாருங்கோ. உங்கட ஊருக்கு எது வருது எண்டு கூரையில் ஏறினால்தான் தெரியும். போன் நேரலையைச் செய்திக்கும் முக்கியமான மேட்சுக்கும் மட்டும் வைச்சிருங்கோ. பற்றரி போட்ட ஒரு சின்ன ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும்.

இது எல்லாத்தையும் தீர்க்காது எண்டதையும் சொல்ல வேண்டும். அம்மம்மாவின்ர நாடகம் அன்ரனாவில் வாறதில்லை. எட்டு மணிக்கு ரோர்ச் லைற்றோட முன்வீட்டுக்குப் போறா, ஒன்பது மணிக்கு வாறா. வந்ததும் எங்கட ரீவியில் தமிழ்ச் செய்தி ஏதும் போகுதோ எண்டு கேட்பா. முந்தி அவ செய்தி பார்க்கிறதில்லை. புயலுக்குப் பிறகுதான் இந்தப் பழக்கம். சில நாள் இருக்கும், சில நாள் நேரம் முடிஞ்சிருக்கும். முடிஞ்சிருந்தால், "அப்ப நீ அந்தச் சிங்களத்தில என்ன சொல்லுறாங்கள் எண்டு வாசிச்சுச் சொல்லு" எண்டு என்னைப் பிடிச்சு இருத்துவா. நான் எழுத்துக் கூட்டுறன். நான் கம்பசுக்குத் திரும்பிப் போன பிறகு அவவுக்கு ஆர் வாசிச்சுச் சொல்லுறது?