அந்த வீட்டின் இரகசியம் நமக்குத் தெரிந்திருந்தது

2021 ஜூலை 15ஆம் திகதி மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தீக்காயங்களோடு உயிரிழந்தாள். வயது 16. முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தவள். அந்த மாத இறுதியில், புதைத்த உடலைத் தோண்டியெடுத்துப் பேராதனையில் மறுபடியும் பிரேத பரிசோதனை செய்தார்கள். ஹட்டனிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் பதாகை பிடித்து நின்றார்கள். நம் ஊரான வட்டவளையிலும் பேசினோம். தேத்தண்ணிக் கடையில், பஸ் தரிப்பிடத்தில், கொழுந்து மலையில் என்று வாரக்கணக்காகப் பேசினோம். கொழும்பை வாயாரத் திட்டினோம்.

திட்டியது நியாயம்தான். வழக்கில் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் சொல்ல வேண்டிய தீர்ப்பு வேறொன்று இருக்கிறது, அது நம்மைப் பற்றியது. மலையகத்துப் பிள்ளை ஒருத்தி கொழும்பு வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும் வழி நம் லயத்துக்குள் தொடங்கி, நம் பாடசாலையைத் தாண்டி, நம் கோயிலைத் தாண்டி, நம் கடைவீதி பஸ் தரிப்பிடம் வழியாகத்தான் போகிறது. அந்த வழியில் ஓரிடத்திலாவது நாம் குறுக்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

அந்த வழி போய் முடியும் வீட்டை நினைக்கும்போது உலக சினிமாவில் வரும் ஒரு வகைக் கதை நினைவுக்கு வருகிறது. நகரத்தை ஒட்டி ஓர் அழகான வீடு இருக்கும். வெட்டிவிட்ட புல்தரை, வாசலில் கார், சிரித்த முகத்தோடு தாய் தகப்பன், சீருடையில் பிள்ளைகள். அயலவர்கள் கண்வைக்கிற குடும்பம். போகப் போகத்தான் அந்த வீட்டுக்குள் ஏதோ அழுகிக் கிடப்பது தெரியும். பயத்தையும் சிரிப்பையும் கலந்து சொல்வார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிறு கலங்கும். 2019இல் வந்த தென்கொரியப் படமான ‘பாரசைட்’ அந்த வகையில் பேர்போனது. அதில் மாளிகை போன்ற வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. வேலைக்காரப் பெண் தன் கணவனை அங்கே ஒளித்து வைத்திருக்கிறாள். மேலே வாழும் குடும்பத்துக்கு அது தெரியாது.

நம் கதையில் வீட்டுக்காரர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நுகேகொடையிலும் ராஜகிரியவிலும் வத்தளையிலும் தெஹிவளையிலும் நல்ல குடும்பம் என்று பேர் வாங்கிய எத்தனையோ வீடுகளில், குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்திருக்கிறது. அரிசி மூட்டை, பழைய மின்விசிறி, சுவரில் சாய்த்த அயன் மேசை, இவற்றுக்கு நடுவே சுருட்டி வைத்த ஒரு பாய். அந்த வீட்டுப் பிள்ளை பியானோ பழகும் நேரத்தில் அதே வயதுப் பிள்ளை சட்டி தேய்த்திருக்கிறாள். தமிழ் வீடுகளை இதிலிருந்து விலக்க முடியாது. இப்படிப் பிள்ளைகளை வேலைக்கு வைத்தவர்கள் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள், கண்டியில் இருக்கிறார்கள், ஹட்டன் டவுனிலேயே இருக்கிறார்கள். லயத்தில் பிறந்து, படித்து, உத்தியோகம் பார்த்து மேலே போன நம்மவர்களிலும் சிலர், பிள்ளை பார்க்க ஊரிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். நாமே ஆள் தேடிக் கொடுத்தும் இருக்கிறோம்.

சிரிப்பிலும் நமக்குப் பங்கு உண்டு. மேடை நாடகத்திலும் வானொலி நகைச்சுவையிலும் தோட்டத்துப் பேச்சோடு ஒரு வேலைக்காரப் பையன் வருவான். சொன்னதைத் தப்பாக விளங்கிக்கொள்வான், தட்டைப் போட்டு உடைப்பான், எஜமானி ஏசுவாள். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். நம் பேச்சை, நம் பிள்ளையை வைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் முன்வரிசையிலிருந்து கைதட்டினோம்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தரகர் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை. தூரத்து மாமாவாக வருவார், பக்கத்து லயத்து அக்காவின் மச்சானாக வருவார். வரும் நேரமும் அவருக்குத் தெரியும். தென்மேல் பருவத்தில் வட்டவளையில் மழை விடாது கொட்டும், வேலை நாள் குறையும். தீபாவளி முற்பணம் சம்பளத்தில் கழிந்துகொண்டிருக்கும். தோடு அடகில் இருக்கும். அப்போது வந்து, “நல்ல குடும்பம் அக்கா, சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்குவாங்க, படிக்கவும் வைப்பாங்க” என்று சொல்லிக் கையில் கொஞ்சம் காசை வைப்பார். மழை மலையில் அட்டை ஏறுவது போலத்தான் அது. ஏறுவது தெரியாது, இரத்தம் வடியும்போதுதான் கால் பக்கம் பார்ப்போம். தாய் தகப்பனைக் கூண்டில் ஏற்றுவது சுலபம். வீட்டில் அரிசி இல்லாத நாளில் அவர்கள் முன்னால் வந்து நின்ற ஒரே ஆள் அந்தத் தரகர்தான். தொழிற்சங்கமும் கோயிலும் பாடசாலையும் அன்றைக்கு அந்த லயக் காம்பிரா வாசலுக்கு வரவில்லை. அந்தக் குற்றம் நம்முடையது.

பாடசாலையிலிருந்து தொடங்குவோம். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் வரவு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வரிசையாகக் குறி விழும். அடுத்த ஆண்டு புது இடாப்பில் அந்தப் பெயரே இராது. எங்கே போனாள் என்று கேட்டால் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்: “கொழும்புக்குப் போயிட்டா, சேர்.” கேட்ட ஆசிரியர்களாகிய நாம் தலையாட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். ஐந்து வயது முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று 2016இல் விதி வந்தது. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு லயத்துக்காவது நடந்திருக்க வேண்டாமா? 2020இலும் 2021இலும் கொரோனாவால் பாடசாலைகள் மாதக்கணக்காக மூடிக் கிடந்தன. ஸ்மார்ட்போனும் சிக்னலும் இல்லாத பிள்ளைகள் அந்தக் காலத்தில் எங்கெங்கே போனார்கள் என்று நாம் கணக்கெடுக்கவில்லை. திறந்த பிறகு வந்தவர்களைக் கொண்டு வகுப்பை நடத்தினோம்.

தொழிற்சங்கங்களின் கதையும் அப்படித்தான். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்காகப் போராடினோம். 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலை நிறைத்தார்கள். 2021 மார்ச்சில் அந்த 1,000 ரூபாய் வந்தது. அது நியாயமான, பெருமையான போராட்டம். அன்று காலிமுகத்திடலில் கோஷம் போட்டபோது, அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் வீடுகளுக்குள் நம் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு நாட்சம்பளம் இல்லை, வேலை நேரம் இல்லை, சந்தா இல்லை. சந்தா இல்லாததால் நம் கணக்கிலும் அவர்கள் இல்லை. கூட்டு ஒப்பந்தம் பேசிய மேசைகளில் எத்தனையோ கோரிக்கைகள் வைத்தோம். தோட்டத்திலிருந்து பிள்ளைகள் வீட்டு வேலைக்குப் போவதைப் பற்றி ஒரு வரி வைக்கவில்லை.

2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்களோடு நாமும் சேர்ந்து பெருமைப்பட்டோம். காட்டு வழியில் மாண்டுபோன முன்னோருக்காகக் கண்ணீர் விட்டோம். கங்காணி ஆள் பிடித்ததையும் முற்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டதையும் மேடை மேடையாகச் சொன்னோம். அதே முற்பணத்தோடு, அதே ஆசை வார்த்தைகளோடு இன்னொருவர் நம் லயத்துக்குள் வந்துபோவதை அந்த மேடைகளில் சொன்னோமா?

தீபாவளிக்கு, கொழும்பு வீட்டு வேலைக்குப் போன பிள்ளை லீவில் வருவாள். புதுச் சட்டை, பவுடர் வாசம், கையில் ஒரு பிஸ்கட் டின். லயமே பார்க்கும். தங்கச்சிமாருக்குப் பொறாமையாக இருக்கும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் விரலிடுக்கெல்லாம் சவர்க்காரமும் பிளீச்சும் தின்று வெளுத்திருந்தது தெரிந்திருக்கும். கதிரையில் இரு என்றால் இருக்கமாட்டாள், வாசற்படியில் குந்துவாள். சாப்பாட்டை எல்லாரும் சாப்பிட்டு முடியும்வரை தொடமாட்டாள். நாம் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, “நல்லா நிறம் வந்துட்டியே” என்று சொல்லி அனுப்பினோம். அங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்று தனியாகக் கூப்பிட்டு ஒருவரும் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டால் ஏதாவது செய்ய வேண்டிவரும் என்ற பயம் நமக்கு இருந்தது.

டயகமச் சிறுமியின் சாவுக்கு 12 ஆண்டுகளுக்கு முன், 2009 ஆகஸ்டில், மஸ்கெலியாப் பகுதியிலிருந்து வீட்டு வேலைக்குப் போன சிறுமிகள் இருவரின் உடல்கள் கொழும்புக் கால்வாயொன்றில் மிதந்தன. அப்போதும் கூட்டம் போட்டோம், அறிக்கை விட்டோம். அத்தோடு ஓய்ந்தோம். அந்த 12 ஆண்டுகளில் தோட்டந்தோறும் ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டைச் செய்திருந்தால் எத்தனை பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்திருப்பார்கள் என்ற கேள்விக்கு நாம் முகங்கொடுக்க வேண்டும்.

சட்டமும் மெதுவாகத்தான் அசைந்தது. வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்ய வெள்ளைக்காரன் 1871இல் போட்ட கட்டளைச் சட்டம் வீட்டுக்காரரின் பயத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. வேலையாளின் நடத்தையைக் குறித்துவைக்க அதில் ஏற்பாடு இருந்தது. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16 ஆக உயர்ந்ததே 2021இல்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரை அமர்த்தக்கூடாத ஆபத்தான தொழில்களுக்குள் வீட்டு வேலையும் சேர்க்கப்பட்டது. ஒரு பிள்ளையின் சாவுக்குப் பின்னால் கிடைத்த பாதுகாப்பு அது. அதைத் தோட்டத்து அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டக்கூட நமக்குக் கை வரவில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் எத்தனை காம்பிராக்களில் தெரியும்?

செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த படமொன்றில், டக்காரிலிருந்து பிரான்சுக்கு வீட்டு வேலைக்குப் போகும் இளம்பெண் அந்த வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறாள். எஜமான் அவளுடைய பெட்டியையும் சம்பளப் பாக்கியையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறான். தாய் அந்தப் பணத்தைத் தொட மறுக்கிறாள். அவளிடம் மறுக்கும் பலம் இருந்தது. தரகர் முற்பணத்தை நீட்டும்போதே மறுக்கும் பலத்தை நம் தாய்மாருக்குக் கொடுப்பது ஊரின் கடமை. அறிவுரையால் அந்தப் பலம் வராது. அவசரத்துக்குக் கைகொடுக்கப் பணம் வேண்டும், பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்.

ஆகவே இதைச் செய்வோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒவ்வொரு மாதமும் இடைவிலகிய பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை எடுக்கட்டும். ஆசிரியர் ஒருவர், மாதர் சங்கத்திலிருந்து ஒருவர், தோட்டத் தலைவர், மூவரும் அந்த வாரமே வீட்டுக்குப் போகட்டும். திருவிழாவில் வானவேடிக்கைக்கு எரிக்கும் காசில் ஒரு பங்கைக் கோயில் பரிபாலன சபை ஒதுக்கி, முற்பணத்துக்கு மாற்றாக வட்டியில்லாக் கைமாற்று கொடுக்கட்டும். தரகர் யார் என்று ஊருக்கே தெரியும். அவர் சொந்தக்காரர் என்று மூடி மறைக்காமல் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் பெயரைச் சொல்வோம். ஏற்கெனவே போனவர்களின் பட்டியலையும் எடுப்போம். எந்த வீடு, எந்தத் தெரு, கடைசியாகத் தாயோடு பேசியது எப்போது என்று எழுதுவோம். பதில் கிடைக்காத வீடுகளுக்கு இருவர் இருவராக நேரில் போவோம்.

அந்த வீடுகளில் இன்று இருக்கும் பிள்ளைகளுக்கு நம் கண்ணீரும் மன்னிப்பும் எதற்கும் உதவாது. ஊர் திரும்ப பஸ் காசும், வந்த பிறகு உட்கார வகுப்பில் ஓர் இடமும், கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஊரும் அவர்களுக்கு வேண்டும். இவற்றைக் கொடுக்கத் தொடங்கும்வரை நம் சுயவிமர்சனம் பாதியில்தான் நிற்கிறது.